மாடிக்கு ஏறாத தண்ணீர்

மாமனார் புது மோட்டாரை விழுந்து கும்பிடாததுதான் குறை. "அருவி மாதிரி கொட்டும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். மாடிக் குளியலறை ஷவரோ சளி பிடித்த மூக்கைப் போல ஒழுகியது. அதன் கீழே, தலை நிறைய ஷாம்பு நுரையோடு மருமகள் நின்றிருந்தாள். ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

ஷவரின் துளைகளை அவள் முந்தாநாளே வினிகரில் ஊறவைத்துத் தேய்த்திருந்தாள். வீட்டின் குழாய் நிபுணரான கணவன் அதைக் கழற்றி, உற்றுப் பார்த்து, திரும்ப மாட்டி, "டிசைன்லயே கோளாறு" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

"மாமா, தண்ணி வரல!"

"வரும், வரும்! மோட்டார் இப்பதானே சூடாகுது!"

அவள் நைட்டியை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். ஷவரை மூடவில்லை. மூட என்ன இருந்தது?

சமையலறையில் மாமியார் குடம், குக்கர் எல்லாம் நிரப்பிவிட்டு, பிளாஸ்க் மூடிக்கு வந்திருந்தார். பின்பக்கம் கணவன் டிரம்மில் பிடித்துக்கொண்டிருந்தான். நாத்தனாரின் வாளி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரின் வேகத்தைக் கண்குளிரப் பார்க்க, மாமனார் செடிக்கெல்லாம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

"எதுக்கு அத்தை இவ்வளவும்?"

"பிரஷர் கம்மியா இருக்கேம்மா. நின்னு போறதுக்குள்ள பிடிச்சு வெச்சுக்க வேண்டாமா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல பிடிச்சா எப்படி அத்தை பிரஷர் இருக்கும்?"

"அதான் இல்லையே! அதனாலதானே பிடிக்கிறோம்!"

கண்ணில் நுரை எரிந்தது. அவள் ஒவ்வொரு குழாயாக மூடிக்கொண்டே போனாள். கடைசியாகச் செடிக் குழாயை மூடியதும் மாடியில் சோவென்று சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாமனார் மோட்டாரைத் தட்டிக்கொடுத்தார். "நான் சொல்லல? சூடானா பிடிச்சுக்கும்!"

விளக்க வாயெடுத்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டேகால்.

"ஆமா மாமா, அருமையான மோட்டார். ஆனா கீழ யாராவது குழாயைத் தொட்டா சூடு ஆறிடும் போல."

"யாரு தொடுறாங்கன்னு நானும் பார்க்கிறேன்!" மாமனார் நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாடியில் அருவி கொட்டியது. நுரை பாதி போனபோது ஷவர் சட்டென்று இளைத்தது.

"யாரு அது? மோட்டார் ஆறிடும்னு சொன்னேன்ல!" கீழே மாமனார் அதட்டுவது கேட்டது.

"ஒரே ஒரு டம்ளர்தாங்க!"

அடுத்த நொடி தண்ணீர் திரும்பி வந்தது. அவள் தலையை நீட்டினாள்.