வாசலில் இரண்டு ஜோடி

சாரல் காலத்தில் தென்காசியில் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற கூட்டம் ஒரு புத்தகம் வாங்காது, பத்துப் புத்தகத்தை நனைத்துவிட்டுப் போகும். பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு, ஆன்லைனில் இன்னும் கம்மியாக வருமே என்று நமக்கே புத்தி சொல்லும். வேல்விழி இவர்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவாள். அவளைக் கதிகலங்க வைத்தவர், குடையை மடக்கி வெளியே சாத்திவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் மரியாதையாக உள்ளே வந்தார்.

அவர் முப்பிடாதி, காளீஸ்வரியின் அப்பா. காளீஸ்வரியோ அந்த நேரத்தில் கடையின் பின்னறையில், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது.

மறுநாள் காலையில் அவளுக்குத் திருநெல்வேலியில் போலீஸ் தேர்வு. அதே நாளில் வீட்டில் அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மகன் ராணுவத்தில் இருப்பதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற முப்பிடாதிக்கு, மகள் காக்கி உடுத்துவது மட்டும் ஆகாது. முதலாளி வல்லிநாயகம் மதியச் சாப்பாட்டுக்குக் குத்துக்கல்வலசை வீட்டுக்குப் போகிற நேரங்களில் வேல்விழிதான் அவளை உள்ளே விட்டு, கைடு எடுத்துக் கொடுத்துப் படிக்க வைத்தாள். இன்றைக்குக் காளீஸ்வரி துணிப்பையோடு வந்துவிட்டாள். மழை கொஞ்சம் வெறித்தால் பஸ் ஏறிவிடலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

முப்பிடாதி பஞ்சாங்கம் கேட்டார். கொடுத்தாள். வேறு பஞ்சாங்கம் கேட்டார். அதையும் கொடுத்தாள். அப்புறம் ஜோசியப் புத்தகம், அப்புறம் சமையல் புத்தகம். எதையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது. வேல்விழி இன்னொரு சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் இப்போது பார்த்துத் தும்மித் தொலைத்தால் என்ன செய்வது?

"கடையில வேற யாரும் இல்லையாம்மா?"

"நான் மட்டுந்தான் அண்ணாச்சி."

"வாசல்ல ரெண்டு ஜோடி பொம்பளச் செருப்பு கெடக்குதே."

வேல்விழி வாசலை எட்டிப் பார்த்தாள். புத்தகம் இருக்கிற இடத்தில் சரஸ்வதி இருக்கிறாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வா என்பது வல்லிநாயகத்தின் சட்டம். ஒளிய வந்தவளும் பழக்க தோஷத்தில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து ஒளிந்திருக்கிறாள். அதைப் பார்த்தும் எடுத்து மறைக்கத் தோன்றாத தன் மூளையை வேல்விழி மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

மழைக்கு ஒதுங்கிய யாரோ மறந்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றாள். குளிக்க வருகிற கூட்டத்துக்கு செருப்பு போட்டு வந்ததே நினைவிருக்கவா போகிறது என்று சிரித்தும் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. திரையைத் தள்ளிப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் அடுத்தவர் கடையில், தனியாக நிற்கும் பெண்ணைத் தாண்டி உள்ளே போகிறவர் இல்லை அவர். வெளியில் அத்தனை மரியாதை. வீட்டுக்குள் எப்படி என்பதைக் காளீஸ்வரியின் முழங்கைத் தழும்பில் வேல்விழி பார்த்திருக்கிறாள்.

"ஒனக்கு ஒரு பொட்டப் புள்ள இருக்குல்லா?"

"மஞ்சு. ஒண்ணாப்பு படிக்கா."

"அந்தப் புள்ள மேல சத்தியம் பண்ணு, எம் மக இங்கன இல்லன்னு. நான் பேசாமப் போயிருதேன்."

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஏறாத கோயில் எல்லாம் ஏறிப் பெற்ற பிள்ளை மஞ்சு. இருமினாலே உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறவள் வேல்விழி. பொய்ச் சத்தியம் செய்தால் சாமி பிள்ளையைத்தான் எடுக்கும் என்று அவள் முழுசாக நம்பினாள்.

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. எழுந்துவிட்டாள், இதோ வெளியே வரப் போகிறாள் என்று வேல்விழிக்குத் தெரிந்துபோனது. அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"எம் மக மஞ்சு மேல சத்தியம் அண்ணாச்சி. ஒங்க மக இங்கன இல்ல."

திரை அசையவில்லை. முப்பிடாதி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பெற்றவள் எவளும் இதில் பொய் சொல்லத் துணிய மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காளீஸ்வரி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேல்விழியின் காலைத் தொடக் குனிந்தாள்.

"எந்திரிட்டி. அழாத. போயி நல்லா எழுதிட்டு வா."

தெருவை எட்டிப் பார்த்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. முதலாளி வருகிற வரைக்கும் பொறுக்காமல் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

மழைக்காக அன்று மதியமே பள்ளி விட்டு, எதிர்ப்பக்கத்தில் பிள்ளைகள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்ட மஞ்சு கையை ஆட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். குற்றாலத்துப் பக்கமிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.

"வராதட்டி! அங்கனயே நில்லு!"

அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையிலிருந்து வருமென்று அவளுக்கே தெரியாது. பிள்ளை ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டது. வேன் சேறடித்துவிட்டுப் போனது. வேல்விழி ரோட்டைக் கடந்து போய் அவளை வாரித் தூக்கினாள். எல்லாரும் பார்க்கிறார்கள், இறக்கி விடு என்று மஞ்சு சிணுங்கிக்கொண்டே வந்தாள். வீடு வரைக்கும் வேல்விழி அவளைத் தரையில் விடவில்லை.