பதிவாகாத வருகை

வேல்ஸின் ஆபெர்கும் ஊர்ச் சந்தைக்கூடத்தில் கெத்தினின் போன் பழுதுபார்க்கும் கடை, கசாப்புக் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவே ஒரு மேசை அகலத்துக்குத்தான் இருந்தது. நெரிஸ் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மேசைமேல் கிடந்த பழைய போனில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. திரையின் மூலையில் மெல்லிய விரிசல்.

"ஆப் எறங்கிடுமா?" என்றாள்.

"எறங்குது, எறங்குது. வயசாச்சுல்ல, படி மெதுவாத்தான் எறங்கும்" என்றான் கெத்தின்.

முந்தைய நாள் ஒரு கிழவியைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது நெரிஸின் சட்டைப்பையிலிருந்த போன் நழுவித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. இரண்டு கைகளும் கிழவியின் அக்குளில் இருந்தன. போன் முழுகுவதைப் பார்த்துக்கொண்டேதான் அவளைத் தூக்கி நிறுத்தினாள். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பழைய போன்.

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடும் மாத்திரையும் கொடுப்பது அவள் வேலை. எந்த வீடு, எந்த நேரம் என்பதெல்லாம் கம்பெனியின் செயலியில்தான் வரும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சதுரச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் போன் கேமராவில் காட்டினால் செயலியில் பச்சை விழும். பச்சை விழுந்தால் அவள் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பொருள். விழாவிட்டால் வரவில்லை. போன் அவரவர் பொறுப்பு.

கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய போன்களும் இருந்தன. நெரிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கெத்தினும் அவற்றைக் காட்டவில்லை.

"ஒளிக்காம சொல்லிடறேன்" என்றான் அவன். "இதைச் செஞ்ச கம்பெனியே இதைக் கைகழுவி வருஷக்கணக்காச்சு. உங்க ஆபீஸ்காரங்க ஆப்பை மாத்தாத வரைக்கும் ஓடும். அப்புறம் பேட்டரி. இதுக்குக் குளிர் ஆகாது."

"வேல்ஸ்ல இருந்துக்கிட்டு குளிர் ஆகாதா?"

"எனக்கும்தான் ஆகாது. என்ன பண்றது? சட்டைக்குள்ள வெச்சுக்குங்க, உடம்புச் சூட்டுல."

"எம் புருஷன் போனதுலேர்ந்து அந்த எடம் காலியாத்தான் கெடக்கு."

பக்கத்துக் கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். நெரிஸும் சிரித்தாள். ஆனால் கண் அந்த வட்டத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் செயலி திறந்தது. மறுநாளின் வீடுகள் வரிசையாக வந்து நின்றன. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கண்டிப்பா வேலை செய்யுமா கெத்தின்?"

"செய்யும். செய்யலைன்னா கொண்டு வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழுவோம்."

போன் வேலை செய்தது. ஆனால் அதற்கு நெரிஸ் வேலை செய்ய வேண்டியிருந்தது. வாசலில் நின்று அதை மார்புக்கு நடுவிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, சீட்டின் முன் அசையாமல் பிடிக்க வேண்டும். கேமரா மங்கும், தெளியும், மறுபடி மங்கும். உள்ளே யாராவது "நெரிஸா? நெரிஸா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பச்சை விழுவதற்குள் பாதி நேரம் போய்விடும். மிச்சத்தில் ஒரு மனுஷியை எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்ட வேண்டும்.

சில நாள் போன் தானே ஏதோ நினைத்துக்கொண்டு அவளை வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிடும். ஒருமுறை மலைமேல் இருப்பதாகக் காட்டியது. உடனே அலுவலகத்திலிருந்து டாம்சின் கூப்பிட்டாள். வேலை நேரங்களைப் பிரித்துக் கொடுக்கும் பெண். நெரிஸைவிட இருபது வயதாவது சின்னவள்.

"நெரிஸ், மேய்ச்சல் காட்டுல என்ன பண்றீங்க? ஆட்டைக் குளிப்பாட்டறீங்களா?"

"வீட்டுக்குள்ளதாங்க இருக்கேன். இது பழைய போன், எடத்தை மாத்திக் காட்டுது."

"எனக்கும் ஆடு காமெடியாத்தான் இருக்கு. ஆனா மேல இருக்கறவங்களுக்கு செவப்புதான் தெரியும். வேற போன் வாங்குங்க, ப்ளீஸ்."

அதன் பிறகு டிங் என்ற சத்தம் கேட்டாலே நெரிஸ் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். பேருந்தில் வேறு யாருடைய போன் ஒலித்தாலும் கை நெஞ்சுக்குப் போனது. தூங்கும்போதும் தலையணைக்கடியில் அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேல்தெருவின் கடைசிக்கு முந்தின வீடு இட்வல் ப்ரோபர்ட்டுடையது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தனியாள். ஒரே மகள் எலுனெட் பிரிஸ்டலில் இருந்தாள். காலையில் நெரிஸ் கதவைத் திறந்தால், "நாலு நிமிஷம் லேட்டு. இந்த ரூட்டுல இதெல்லாம் சகஜம்" என்பார். சமையலறை வானொலி எப்போதும் அலறிக்கொண்டிருக்கும்.

உறைபனி விழுந்த அந்தக் காலையில் வானொலி கேட்கவில்லை.

நெரிஸ் வாசல் சீட்டின் முன் போனை நீட்டினாள். பேட்டரி பாதிக்கு மேல் காட்டியது. கேமரா மங்கியது. தெளியப் போகும்போது திரை கருத்துப்போயிற்று. பொத்தானை அழுத்தினாள். போன் கம்பெனியின் பெயர் ஒளிர்ந்தது, அணைந்தது. பச்சை விழாமல் உள்ளே போகக் கூடாது என்பது விதி. வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை. சுவரோரச் சாவிப்பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தாள்.

ப்ரோபர்ட் சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். இடப்பக்கம் வாய் இறங்கியிருந்தது. பைஜாமா நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு கண் மட்டும் நன்றாகத் திறந்தது.

"பெரியவரே, நான்தான். நெரிஸ் வந்துட்டேன். இந்தக் கையைத் தூக்குங்க. இல்ல, இதை. எங்க, தூக்குங்க பாப்போம்."

இடது கை அசையவில்லை. அவர் ஏதோ சொன்னார். சொல் கஞ்சிபோலக் குழைந்து வழிந்தது.

பக்கவாதம் என்று நெரிஸுக்குத் தெரிந்துவிட்டது. நடைவழியில் இருந்த வீட்டுத் தொலைபேசியை எடுத்தாள். உயிரில்லை. புதிதாக மாட்டிய இணையப்பெட்டி வழியாகத்தான் அது வேலை செய்யும். அவர் கழுத்தில் தொங்கிய அவசரப் பொத்தானும் அதே பெட்டியில்தான். ராத்திரியெல்லாம் கண்ணைச் சிமிட்டுகிறது என்று அவர் அதைச் சுவரிலேயே அணைத்துவிடுவார். ஓடிப்போய் அதைப் போட்டாள். சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்து எரிந்து அணைந்தது. தன் போனைச் சார்ஜரில் சொருகினாள். ஒரு காலி பேட்டரிப் படம் வந்து நின்றது. இரண்டும் எப்போது விழிக்கும் என்று தெரியாது.

அவரைப் பக்கவாட்டில் சரியாகச் சாய்த்து, தன் கோட்டைப் போர்த்தினாள். "இதோ வந்துட்டேன். எங்கயும் போயிடாதீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

இடதுபக்க வீட்டில் ஆளில்லை. வலதுபக்க வீட்டில் திரைச்சீலை அசைந்து, ஓர் இளைஞனின் முகம் தெரிந்து மறைந்தது. கதவை இரண்டு கைகளாலும் தட்டினாள். அசைந்த சீலை நின்றது. உள்ளே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

மண்டியிட்டு, கடிதம் போடும் திறப்பைத் தள்ளி, வாயை வைத்துக் கத்தினாள். "தம்பி! கடனுக்கு எதையும் பிடுங்கிட்டுப் போக நான் வரலப்பா! பக்கத்து வீட்டுப் பெரியவர் விழுந்து கெடக்கறார். செத்துடுவார்ப்பா. உம் போனைக் குடு!"

சங்கிலி கழன்றது. இருபத்தைந்து வயதிருக்கும், மீசை சரியாக முளைக்காத ஒருவன். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சத்தியமா பெரியவருக்கா?" என்றான்.

"வந்து பாரு!"

அவன் பெயர் கீரன். குழந்தையை நாற்காலியில் கிடத்திவிட்டு ஓடிவந்தான். அவன்தான் ஆம்புலன்ஸுக்குப் பேசினான். நெரிஸ் தரையில் உட்கார்ந்து பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவன் அதை அப்படியே போனில் ஒப்பித்தான். ப்ரோபர்ட்டின் வலக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியில் பலம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிகிறது.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் கீரன் எழுந்தான். "அக்கா, நான் இங்க இல்லை. சரியா?"

"ஏம்ப்பா?"

"அந்த வீட்டுல குழந்தையும் அதோட அம்மாவும் மட்டும் இருக்கறதாத்தான் கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கு. நான் இருக்கறது தெரிஞ்சா அவளுக்கு வர்ற உதவிப் பணத்தை நிறுத்திடுவாங்க. எம் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க அக்கா."

அவன் பின்வாசல் வழியாகப் போனான். முன்வாசல் வழியாக ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நெரிஸின் பெயரைக் கேட்க நேரமில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்கள். நான் வரும்போதே இப்படித்தான் கிடந்தார் என்றாள்.

பட்டியலில் இருந்த அடுத்த வீட்டில், ஒரு கிழவிக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது போன் விழித்தது. டிங், டிங் என்று அடுக்கடுக்காக. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ப்ரோபர்ட், மேல்தெரு. வருகை இல்லை.

சில நாள் கழித்து அலுவலகத்தில் டாம்சின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் தூக்கமில்லை. அந்த அறை கதகதப்பாக இருந்தது. மேசைமேல் நெரிஸின் போன் ஒரு குறையுமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஒரு ஆம்பளைக் குரல். அவங்க குறிப்புல ஒரு பொம்பளை கூட இருந்தாங்கன்னு மட்டும் இருக்கு. பேரு இல்லை. நம்ம ஆப்புல நீங்க போகவே இல்லை. அவர் மக என்ன சொல்றாங்கன்னா, நீங்க வர்ற நேரத்துக்கு வரலை, அப்பா அங்கயே கெடந்தார், அக்கம்பக்கத்துல யாரோ பாத்துட்டுக் கூப்பிட்டதுக்கப்புறம்தான் நீங்க வந்து நின்னீங்கங்கறாங்க."

"நான்தாங்க அவனைக் கூட்டிட்டு வந்தேன். எம் போன் செத்துப்போச்சு."

"சரி. அப்ப வேலைக்கு ஒதவாத போனை வெச்சுக்கிட்டு வேலை பாத்தீங்கன்னு ஆகும். அதுவும் தப்புதான். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நெரிஸ் தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டில் ப்ரோபர்ட் பிடித்த இடம் கன்றி மஞ்சளாகியிருந்தது.

"நான் உங்களை நம்பறேன், நெரிஸ்" என்றாள் டாம்சின், குரலைத் தாழ்த்தி. "ஆனா நான் நம்பறது எங்கயும் பதிவாகாதே. அந்த ஆள் யாரு? வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நானே போய்க் கேக்கறேன். எந்த வீடு?"

முந்தைய சாயங்காலம் நெரிஸ் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் மெதுவாக அழும் சத்தம் கேட்டது. கீரன் அந்த இடைவெளியில் நின்றான். கும்பிடாத குறையாக, வேண்டாம் என்று தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

"யாருன்னு தெரியலைங்க" என்றாள் நெரிஸ். "தெருவுல போனவன்."

டாம்சின் பேனாவை மூடி வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு. அவரைப் பாக்கப் போகாதீங்க. மக ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சிருக்காங்க. போய்ப் பிரச்சினை ஆச்சுன்னா வேற எந்த ஊர்லயும் இந்த வேலைக்கு உங்களை எடுக்க மாட்டாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேலிருந்த போனில் செயலி தானாக மூடிக்கொண்டது. இனி அதில் நெரிஸுக்கு எந்த வீடும் வராது.

நெரிஸ் நாலைந்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் மத்தியானம் கடைக்குப் போகிறவள்போலக் கிளம்பி, கடையைத் தாண்டி நடந்து, ஆஸ்பத்திரிப் பேருந்தில் ஏறினாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள். வார்டின் கதவு பூட்டியிருந்தது. கதவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி. பக்கத்துச் சுவரில் அழைப்புமணி.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்றாவது கட்டிலில் ப்ரோபர்ட் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ தலையை வாரியிருந்தார்கள், தப்பான பக்கம் வகிடெடுத்து. சக்கரம் வைத்த சின்ன மேசையை அவரது இடப்பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன்மேல் தேநீர்க் கோப்பை. ஆவி அடங்கிவிட்டது. மேலே ஆடை படர்ந்திருக்கும்.

இடப்பக்கம் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆனால் கோப்பை எங்கோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வலது கை போர்வைமேல் நகரத் தொடங்கியது. விரல்கள் துணியைப் பற்றி, இழுத்து, மறுபடி பற்றின. மடி வரைக்கும் வந்தது. அங்கே செயலற்றுக் கிடந்த இடக் கைமேல் மோதி நின்றது. அவர் உதடுகள் அசைந்தன. பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் முதுகைக் காட்டி நின்றாள்.

நெரிஸ் யோசிக்காமல் மணியை அழுத்திவிட்டாள்.

சுவர்ப்பெட்டியில் ஒரு குரல் கரகரத்தது. "சொல்லுங்க. யாரைப் பாக்க வந்தீங்க? உங்க பேரு?"

நெரிஸ் வாயைத் திறந்தாள்.

"ஹலோ? பேரு சொல்லுங்க, எழுதிக்கிட்டுத்தான் கதவைத் தெறக்க முடியும்."

உள்ளே அந்தக் கை மறுபடி ஆரம்பத்திலிருந்து புறப்பட்டது.

"யாருங்க அங்க? யாராவது இருக்கீங்களா?"

சுவர்ப்பெட்டியில் சின்ன விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு அணைந்தது.