முன் சீட்டு

காலையில் ஒதிலியாவின் வலது மணிக்கட்டு மடங்காது. அமெரிக்காவில், ஆர்கன்சாஸ் கோழி ஆலையில் வருடக்கணக்காகத் தொடை எலும்பு உருவிய கை. வெந்நீரில் ஊறவைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட பிறகுதான் காப்பிக் குவளையைப் பிடிக்கும். அந்தக் கை சம்பாதித்த பணத்தில்தான் நிகானோரிடம் வெள்ளை வேனை வாங்கினாள்.

நிகானோர் பழைய கார் விற்பவன். அவள் மகள் நயேலியின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் நடந்த அன்றிலிருந்து பெற்றவளும் அவனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களைவிட ஒரு படி மேல். அப்படிப்பட்டவனிடம் போய் வண்டியின் உரிமைப் பத்திரத்தைக் காட்டு என்பது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ஆலையில் பக்கத்தில் நின்று அறுக்கிறவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். நொறுங்கிப்போய்த் தேற்றிய வண்டி என்றால் பத்திரத்திலேயே முத்திரை இருக்கும், பார்த்து வாங்கு என்றார்கள்.

"என் பிள்ளையக் கையில ஏந்தி நின்ன மனுசன்டி அவரு" என்று அவர்கள் வாயை அடைத்தாள்.

பதிவு வேலையையும் நிகானோரே முடித்துக் கொடுத்தான். அதற்காக ஒரு நாள் கூலியை ஏன் விடுகிறீர்கள், பத்திரம் என் இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றான். ஒதிலியா சோள மாவுக்குள் பன்றிக்கறி வைத்துத் தமாலே அவித்து ஒரு சட்டி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் அந்த வேனில்தான் பூசைக்குப் போகும். நிகானோர் தன் மனைவி செலேரினாவைப் பின்னால் ஏற்றிவிடுவான். முன்னால் வெயில் அடிக்கும் என்பான். நயேலி சந்தோஷமாக முன் சீட்டில் போய் உட்காருவாள்.

ஒரு மழை நாளில் நாய் குறுக்கே ஓடியது. ஒதிலியா பிரேக்கை மிதிக்க, வேன் வழுக்கிப் பாலச் சுவரில் முட்டியது. அவள் முன்னால் காற்றுப்பை விரிந்தது. நயேலி முன்னால் ஒன்றும் விரியவில்லை. பெல்ட்டும் இளகிக் கொடுத்துவிட, அவள் முகம் முன்பலகையில் மோதியது.

வண்டியை இழுத்துப்போன பட்டறைக்காரன் நயேலி பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினான். காற்றுப்பை இருக்க வேண்டிய இடத்தில் பழைய மெத்தைப் பஞ்சு. "ஒருதடவ நொறுங்கி, இன்சூரன்ஸ்காரன் கைகழுவின வண்டிம்மா. பத்திரத்துல போட்டிருக்குமே, பாக்கலையா?"

நிகானோரிடம் போகிற வழியெல்லாம் ஒதிலியா அவனுக்காகக் காரணம் தேடினாள். அவனையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள். அவள் போனபோது நிகானோர் குழாயைப் பிடித்து ஒரு காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கும் தெரியாதுதானே, கொம்பாத்ரே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள்.

"பத்திரம் எங்கிட்டதான இருந்துச்சு" என்றான் அவன். "கேட்டிருந்தா காட்டியிருப்பேன். நீங்க கேக்கல, கொமாத்ரே."

மரியாதைக்காகக் கேட்காமல் விட்டது அவள் குற்றமாகிவிட்டது. திரும்பி நடக்கப் பார்த்தவளுக்கு, வாசலில் வந்து நின்ற செலேரினாவைக் கண்டதும் கால் நகரவில்லை.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இவள ஏன் பின்னாடி ஏத்துனீங்க?"

குழாய்த் தண்ணீர் அவன் செருப்பில் கொட்டியது.

"வெயிலுன்னு சொன்னாரே" என்றாள் செலேரினா. சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

வேனுக்குக் கொடுத்த பணத்தைச் செலேரினாதான் பிறகு கொண்டுவந்தாள், உறையில் போட்டு. ஒதிலியா வாங்கிக்கொண்டாள். அது மணிக்கட்டு சம்பாதித்த பணம். ஆலைக்கு இப்போது அடுத்தவர் வண்டியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறாள்.

நயேலி சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். நிகானோர் தன் ஞானமகளுக்குத் தர வேண்டியது இரண்டு முன்பற்கள். இன்னும் தரவில்லை.