சிரித்துக்கொண்டே தூக்கும் பெண்

மாநிலப் பளுதூக்கும் போட்டியில் நான் தங்கம் வாங்கிய மறுவாரம், டிவிக்காரர்கள் கள்ளக்குறிச்சியில் நாங்கள் பயிற்சி செய்யும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். தொண்ணூறு கிலோவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். நிருபர் முகத்தைச் சுளித்தார்.

"பல்லைக் கடிக்கிறீங்க, கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. பாக்கறவங்க பயந்துடுவாங்கம்மா. கொஞ்சம் சிரிச்சிக்கினே தூக்குங்க."

"சிரிச்சா மூச்சு போயிடும் சார். ராடு என் தலைமேல வுழும்."

"அப்ப வெயிட்டைக் கழட்டிடுங்க. குளோசப்ல மூஞ்சி மட்டுந்தான் வரும்."

பின்னலை முன்னால் எடுத்துப் போடச் சொன்னார். கல்யாணம் எப்போது என்று இரண்டு தடவை கேட்டார். இவர் கிளம்பினால் போதும் என்று வெறும் ராடைத் தூக்கிப் பல்லைக் காட்டினேன்.

அன்று சாயங்காலமே ஒளிபரப்பினார்கள். 'தொண்ணூறு கிலோவையும் புன்னகையோடு தூக்கும் தங்கமயில்' என்று கீழே எழுத்து ஓடியது. இதுவரை ஒரு போட்டிக்கும் வராத சொந்தக்காரர்களெல்லாம், நான் அழகாக இருந்ததாகப் போன் செய்தார்கள்.

மறுநாள் பயிற்சியில், புதிதாகச் சேர்ந்திருந்த தேவிப்ரியா முப்பது கிலோவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, தூக்கறப்ப எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது. நான் இதுக்கு லாயக்கில்லையாக்கா?"