புதுக் கம்பைலர் தூக்கிய வரி

விரல் ஒன்றுக்கு எண்பதாயிரம். கட்டைவிரல் என்றால் இரட்டிப்பு. காப்பீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுத்த இழப்பீட்டுப் பட்டியல் அது. அண்ணன் படித்துவிட்டுத் தங்கையிடம், "பத்தும் சேர்த்துப் போனா ஏதாச்சும் போட்டுக் குடுப்பாரான்னு கேளு" என்றான்.

அட்டை வெட்டும் இயந்திரம் செய்து விற்பவன் அண்ணன். அதற்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் தங்கையின் வேலை. கத்திக்கு முன்னால் ஓர் ஒளிக்கோடு. கை அதை மறைத்தால் ஒளிக்குறிப்பு வராது. குறிப்பு வராவிட்டால் கத்தி பாதியில் நிற்க வேண்டும். கெர்னலை எப்போது மாற்றினாலும் அண்ணன் தன் கையையே உள்ளே விட்டுக் காட்டுவான். அதைவிடப் பெரிய தரச் சான்றிதழ் அவனுக்குத் தெரியாது.

அவள் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலரில் கெர்னல் உருவாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். கெர்னலோடு வந்த கையேடும் அந்தக் கம்பைலர் பதிப்பைத்தான் சொன்னது. தங்கை புதியதைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதே நிமிடம், பிழை ஒன்றுகூட இல்லை. கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளின் வாயை அவள் அடைத்தே ரொம்ப நாளாயிற்று. உருவான கெர்னல் அளவில் கொஞ்சம் இளைத்தும் இருந்தது. கொழுப்புக் குறைந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

அண்ணன் சோதிக்க வந்தபோது ஒரு கையில் போன், மறு கையில் அட்டைக் குழாய். யாரோ ஒருவரிடம் விலை பேசிக்கொண்டே, கைக்குப் பதிலாகக் குழாயை உள்ளே நீட்டினான்.

கத்தி நிற்கவில்லை.

பாதிக் குழாய் அவன் காலடியில் விழுந்தது. "பாதுகாப்புக்கு நான் பொறுப்புங்க" என்று போனில் ஆரம்பித்தவன் மீதியை முடிக்கவில்லை.

தங்கை கணினிக்கு ஓடினாள். தான் எழுதியதைத் திறந்தாள், குறிப்பு வந்ததா என்று கேட்கும் வரி இருந்தது. உருவானதைத் திறந்தாள், வரி இல்லை. முதலில் ஒளிக்குறிப்பைப் படி, பிறகு குறிப்பு வந்ததா என்று கேள். இந்த வரிசையில்தான் எழுதியிருந்தாள். பழைய கம்பைலர் சொன்னதைச் செய்தது. புதியது யோசித்தது: படித்தாயிற்று என்றால் குறிப்பு வந்திருக்கத்தானே வேண்டும், பிறகென்ன கேள்வி? கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டது.

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பழசையே போட்டுடு, தங்கச்சி. முக்கால் மணி ஆனா ஆகட்டும்."

"போட்டுடலாம்ணே." தங்கை திரையிலிருந்து திரும்பினாள். "வேகமா ஓடுதேன்னு காலையிலயே நம்ம மெஷின் வாங்கின மூணு பேருக்கு அனுப்பிட்டேன். அவங்க மெஷின்லயும் இதுதான் ஓடுது."

அவன் போனை நீட்டினான்.

முதல் கடைக்காரம்மா கேள்வி கேட்காமல் மின்சாரத்தையே நிறுத்தினார். இரண்டாமவர் வேலை கெடுகிறது என்று இழுத்தார்; அண்ணன் போட்ட அதட்டலில் நிறுத்தினார். மூன்றாவது எண்ணில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அனுப்பியது மூன்று. நின்றது இரண்டு.