வாங்க ஆளில்லாத கோல்

லண்டனில் 1665ஆம் வருடக் கோடை. சாவு விழுந்த வீட்டுக்குப் போய், உடம்பைப் புரட்டிப் பார்த்து, எந்த நோய் என்று தேவாலய எழுத்தரிடம் சொல்வது உர்சுலாவின் வேலை. அந்த வேலை பார்ப்பவள் கையில் வெள்ளைக் கோலோடுதான் நடக்க வேண்டும். கோலைக் கண்டதும் தெரு ஒதுங்கிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத விதவை அவள். ஆனால் பார்த்ததை மறக்கமாட்டாள்.

அன்று பீர் வடிக்கும் மார்விக் வீட்டில் வேலைக்காரப் பெண் செத்துக் கிடந்தாள். மார்பில் காசளவு கரும்புள்ளிகள், அக்குளில் கட்டி. உர்சுலா முற்றத்துக்கு வந்து, "கொள்ளைநோய்" என்றாள்.

அங்கே காத்திருந்த எழுத்தர் கிட்லிக்கு வேர்த்தது. அப்படி எழுதினால் கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, வீட்டாரை நாற்பது நாள் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். மார்விக் மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். அங்கேயே இருநூறு பேருக்கு விருந்து.

"காய்ச்சல்னு எழுதிக்கிறேன்."

"எழுதுங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன்."

"நீ என்ன பெரிய வைத்தியரா? நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"நிச்சயமெல்லாம் கடவுளுக்குத்தான் ஐயா. இந்தப் புள்ளியோட முப்பத்தோரு உடம்பு பாத்துட்டேன். இருபத்தெட்டு வீட்ல அடுத்த வாரமே இன்னொரு சாவு."

"மூணு வீட்ல ஒண்ணும் ஆகலயே!" கிட்லி பிடித்துக்கொண்டார்.

"ஆகலதான். இதுவும் அப்படி இருக்கலாம். அத நம்பி இருநூறு பேர உள்ள விடுவீங்களா?"

பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற மார்விக் கத்தினார். "இவ கோலப் புடுங்கிட்டு வெளிய அனுப்புய்யா!"

"ஆமா, கோலக் குடு. இனிமே உனக்கு வேலை கிடையாது" என்றார் கிட்லி.

மணப்பெண்ணை நினைத்தால் உர்சுலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இந்த இரண்டு பேரையும் பார்த்தால் ஆத்திரம் வந்தது. கோலை நீட்டினாள்.

"இந்தாங்க. இப்பத்தான் அந்தப் புள்ளயோட கட்டிய அமுக்கிப் பாத்த கையால புடிச்ச கோல். வெறும் காய்ச்சல்தானே? வாங்கிக்கங்க."

கிட்லியின் கை எழவில்லை.

"நீங்க வாங்குங்க, மார்விக் ஐயா. உங்க வீட்டுக் காய்ச்சல்தானே."

மார்விக் இரண்டடி பின்னால் போனார். பீப்பாய்க்காரர்களில் ஒருவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மற்றவர்களும் போனார்கள். உர்சுலா கோலோடு வீட்டுக்கு நடந்தாள்.

வியாழனன்று அச்சான வாராந்தரச் சாவுப் பட்டியலில் காய்ச்சல் என்றே இருந்தது. மார்விக் வீட்டில் இருநூறு தட்டு வைத்திருந்தார்கள். உட்கார ஒருவரும் வரவில்லை.