கிள்ளானுக்குப் போன வாடை

மீன் கல் மாதிரி இருந்தது. புனிதா அதைத் தண்ணீரில் போட்டு, இளகட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. ஒரு மாதமாகச் சாம்பாரும் ரசமும் மட்டும் மணந்த அடுக்குமாடியில் இன்று காலையிலிருந்தே கோழியும் நண்டும் மாடி மாடியாக ஏறி வந்துகொண்டிருந்தன. பிரிக்பீல்ட்ஸில் யாரும் இன்று காய்கறி நறுக்கவில்லை என்று தோன்றியது.

தம்பி குரு வருகிறான். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

அப்பா பார்த்து வைத்த கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவள் கிள்ளானிலிருந்து கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. "இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றார் அப்பா. அவர் சொன்னதை அவள் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். குரு மட்டும் எப்போதாவது போன் செய்வான், வீட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு. அவன் குரலுக்குப் பின்னால் லோரிகள் போகும். ஒவ்வொரு முறையும் அவள் வா என்பாள். புரட்டாசி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் அவன், "சரிக்கா, புரட்டாசி முடியட்டும். வந்து உன் கையால மீனு சாப்பிடறேன்" என்றான்.

அன்றைக்கே அவள் ரயிலேறி கிள்ளான் பாசாருக்குப் போய், சந்தைக் கடையில் தெங்கிரி மீன் வாங்கிவிட்டாள். புரட்டாசிக்குப் பிறகும் கடலில் மீன் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அவன் வருவதற்குக் கையில் ஏதாவது ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. பாசாரிலிருந்து அப்பா வீடு நடக்கிற தூரம். பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குத் திரும்பினாள்.

அவளுக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கும் புஷ்பவல்லி ஆன்டி, பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "விரத மாசம் வருதும்மா."

"பிரிக்கவே மாட்டேன் ஆன்டி. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்."

அது அங்கேயே கிடந்தது. பங்சாரில் வேலை முடிந்து வருகிற மாலைகளில் அவள் உறைபெட்டியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே பனி படிந்து, சின்ன விளக்கெரிய, ஆட்கள் விட்டுப்போன ஒரு வெள்ளை ஊர் மாதிரி இருக்கும். அந்த ஊரில் மீன் மட்டும் காத்திருந்தது. குளிர் முகத்தில் படும்வரை நின்றுவிட்டு மூடுவாள்.

இப்போது, பாதி இளகியதுமே அவசரமாக வெட்டி மசாலா தடவிய துண்டுகளை எண்ணெயில் போட்டாள். முதலில் மஞ்சள் மணந்தது, பிறகு மிளகாய். அதற்கப்புறம் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. மூத்திரமும் துருவும் சேர்ந்தாற்போல ஒரு வாடை, மூக்கில் குத்தி, தொண்டையில் போய் உட்கார்ந்தது. எண்ணெய்தான் பழசு என்று நினைத்து அதைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினாள். மசாலாவை இன்னும் அப்பினாள். வாடை கூடியது. ஜன்னல்களைத் திறந்தாள், காற்றாடியைச் சுழலவிட்டாள், பக்கத்து அடுப்பில் எலுமிச்சைத் தோலையும் கிராம்பையும் கொதிக்க வைத்தாள். காற்றாடி அந்த வாடையை எடுத்து ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோய் வைத்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

குரு வாசலில் நின்றான். தோள் அகன்றிருந்தது. வெளிர்நீலச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, இங்க யாராச்சும் செத்துப் போயிட்டாங்களா?"

"வாய மூடிட்டு உள்ள வாடா."

"வாய மூடணுமா, மூக்க மூடணுமா? ஒண்ணு சொல்லு லா."

சிரித்துக்கொண்டே வந்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சட்டென்று அழுகையும் வரப் பார்த்தது, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஒரு பழைய நாளிதழை மடித்து ஜன்னலைப் பார்த்து விசிறினான். "பாவம், கீழ் வீட்டுக்காரங்க. சொல்லியனுப்பவா, பத்திரமா இருங்கன்னு?"

தட்டில் வைத்தாள். அவன் உட்கார்ந்தான். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டான். மெல்வதை நிறுத்தவில்லை. ஆனால் விழுங்கவும் இல்லை. கண் கலங்கியது.

"நல்லாத்தான்க்கா இருக்கு."

"துப்பு."

"இல்லக்கா..."

"துப்புடா." அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். அவன் எழுந்து போய்த் துப்பிவிட்டு, வெகுநேரம் வாய் கொப்பளித்தான்.

அப்போதுதான் புஷ்பவல்லி ஆன்டி கோவிலிலிருந்து வந்தார். வாசலிலேயே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெருமாளே" என்றார். அடுப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு புனிதாவைப் பார்க்காமல் சொன்னார்.

"நான்தாம்மா. மூணாவது சனிக்கெழம படையலுக்கு ஐஸ்பெட்டிய மஞ்சத் தண்ணி போட்டுக் கழுவினேன். ஒன் மீன எடுத்துப் பின்னால பால்கனியில வச்சேன், கொஞ்ச நேரந்தானேன்னு. ஆளுங்க வந்தாங்க, சாப்பாடு போட்டேன், மறந்தே போச்சு. சாயந்தரம்தான் ஞாபகம் வந்து உள்ள வச்சேன். மறுநா பார்த்தா கல்லு மாதிரி இருந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

புனிதா அடுப்பை அணைத்தாள்.

"பரவால்ல ஆன்டி" என்றான் குரு. "பெருமாளே மீன் அவதாரம் எடுத்தவருதானே. நீங்கதான் அவர வெளிய தள்ளிட்டீங்க."

ஆன்டி சிரிக்காமல் போய்ச் சாம்பிராணி போட்டார். அதன்பின் வீட்டில் நிற்கவே முடியவில்லை. அக்காவும் தம்பியும் கீழே இறங்கி வாழையிலைக் கடைக்குப் போனார்கள். தெருவெல்லாம் தீபாவளிக் கூடாரங்கள், பாட்டு, நெரிசல். குரு ஆட்டிறைச்சி பிரட்டலை ரசித்துச் சாப்பிட்டான். துறைமுக வேலையைப் பற்றி, மேலாளரின் குறட்டையைப் பற்றிச் சொன்னான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"இங்க வர்றேன்னு சொன்னியா?"

"கூட்டாளி வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்." இலையை மடித்தான்.

"மேல வந்து கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போயேன்."

"அந்த வீட்டுக்கா? உயிரோட அனுப்பு லா." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "இன்னொரு நாளைக்கிக்கா. ரயிலுக்கு நேரமாச்சு."

நெரிசலில் அந்த வெளிர்நீலம் கொஞ்ச தூரம்வரை தெரிந்தது.

மீன் சாப்பாட்டுக்குப் பிறகு குரு தூங்குவான். சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதற்காக அவள் தன் அறையில் பாய் விரித்து, தலையணைக்குப் புது உறை போட்டிருந்தாள். திரும்பி வந்தபோது அது கலையாமல் இருந்தது. தலையணை உறையை முகர்ந்து பார்த்தாள். அதிலும் மீன் வாடை. ஆன்டியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மிச்சத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகளில் கட்டிக் கீழே போட்டுவிட்டு வந்து, வாணலியைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

வெளிச்சம் மங்கும்போது குரல்செய்தி வந்தது. பின்னால் லோரிகள் போயின.

"அக்கா, ரயில்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல, ஜாலியா வந்தேன். ஆனா வீட்டுக்குள்ள நொழஞ்சதும் அப்பா மோந்துட்டாரு. எந்தக் கூட்டாளி வீட்டுல இப்படி மீன் பொரிக்கிறாங்கன்னு கேட்டாரு. எனக்குப் பொய் வரலக்கா. சொல்லிட்டேன்."

அவள் எழுதிக் கேட்டாள்: என்ன சொன்னார்?

பதில் வரத் தாமதமானது. அதுவரை ஈரக் கையோடு நின்றாள்.

"திட்டல. சட்டையக் கழட்டி வெளிய கொடியில போடச் சொன்னாரு. தொவச்சிடவான்னு கேட்டேன். வேணாம், கெடக்கட்டும்னாரு."

அந்தக் கொடி அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவே, அப்பா உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே. இந்நேரம் காற்று வந்திருக்கும். அவள் சமையலறை அங்கே, அந்த முற்றத்தில், ஒரு நீலச் சட்டைக்குள் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டாரா, அங்கேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்க நினைத்தாள். எழுதினாள். அழித்துவிட்டாள்.

திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு நண்டு மணந்தது. புனிதா புது உறை போட்ட தலையணையை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, தம்பிக்கு விரித்த பாயில் படுத்தாள். உறையைக் கழற்றவில்லை.